பீரோவில் பூட்டிய கல்யாணங்கள்

சின்னசேலம் வியாகுலத்தின் வீடியோ கேமராவைக் கண்டால் மாப்பிள்ளைக்கு முந்திச் சமையல்காரர் மீசையை முறுக்குவார். பந்தலில் கட்டிய வாழைமரம்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். ஊர் ஊராகக் கல்யாணம் எடுத்தவருக்குத் தன் கல்யாணம் மட்டும் அமையவில்லை.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். எடுத்த கல்யாணங்களையெல்லாம் எஸ்எஸ்டி என்கிற, படங்களைச் சேமித்து வைக்கும் தீப்பெட்டியளவு சாமானில் ஏற்றினார். முட்டி தேய்ந்து வீட்டோடு முடங்கும் காலத்தில் தினம் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், சாப்பாட்டு நேரத்துக்கு வீடு நிறைய ஆள் இருக்குமே! அதுவரை அவை இருந்த பழைய ஹார்டு டிஸ்க்குகளை எடைக்குப் போட்டார். அடிக்கடி எடுத்தால் தேய்ந்துவிடும் என்று, எஸ்எஸ்டியைப் பட்டுப்புடவை போலத் துணியில் சுற்றி, அந்துருண்டை போட்டு, பீரோவில் பூட்டினார். தகரக்கூரைக்குக் கீழே பல கோடைகள் போயின.

முட்டி சொன்னபடி தேய்ந்தது. ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து, எஸ்எஸ்டியைக் கம்ப்யூட்டரில் செருகினார். ஒன்றும் வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரவீன்குமார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா சார், பீரோல பூட்டி வச்சிக்கினு இருந்தீங்களா? இது இன்னா நகையா?"

"பத்திரமா இருக்கட்டும்னுதாம்பா."

"இதுல சுத்துற தட்டு எதுவும் கெடையாது சார். படமெல்லாம் துளித்துளி மின்சாரமாத்தான் நிக்குது. அப்பப்ப கரண்ட்டு காட்டணும். சூட்டுல சும்மா கெடந்தா கசிஞ்சி பூடும். பழைய டிஸ்க்குன்னா சாவறப்ப டக்கு டக்குன்னாவது கத்தும். இது வாயே தொறக்காது."

"சென்னைக்கு அனுப்பினா?"

"உள்ள இருந்தாத்தான எடுப்பாங்க? வேற காப்பி இல்லியா?"

காப்பி, கல்யாணம் செய்துகொண்டவர்களிடம்தான் இருக்கும். ஒவ்வொருவராகப் போன் போட்டார். பாதி நம்பர்கள் இப்போது வேறு யாருடையவையோ. கடைசியில் திருநாவலூர் அபிநயா எடுத்தாள்.

"வீடியோ எடுத்த அண்ணனா? மொகம் ஞாபகம் வரலியே! வாங்கண்ணே, பென்டிரைவு எங்கியோ கெடக்குது."

பஸ் மாறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அபிநயா டீ கொடுத்தாள், டிவியில் போட்டுவிட்டாள், "பாத்துக்கினு இருங்கண்ணே, அடுப்புல வேல கெடக்குது" என்று உள்ளே போனாள். பிள்ளைகள், படத்தில் தாலி கட்டும்வரைகூடப் பொறுக்காமல் வெளியே ஓடினார்கள்.

திரையில் பந்தி வந்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து அவருடைய பழைய குரல்: "எல்லாரும் இப்டிப் பாருங்க!" வரிசை முழுக்க இலையிலிருந்து தலையைத் தூக்கி, அவரைப் பார்த்துச் சிரித்தது. வியாகுலம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்குத் தலையசைத்தார்.

"அண்ணே, முடிஞ்சிதா? பசங்க கார்ட்டூன் பாக்கணுமாம்!" அடுப்படியிலிருந்து அபிநயா கத்தினாள்.

"இல்லம்மா," என்றார் வியாகுலம். "இன்னும் பந்தி முடியல."