நரிக்குக் குரல் கொடுத்த அண்ணி

ஆரணியில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ரோமத்துக்காக விலங்குகளைக் கொல்லும் வியாபாரத்தை எதிர்க்கும் ஓர் அமைப்பு, மூன்று நிமிட வீடியோ ஒன்றுக்குத் தமிழில் எழுதி, குரலும் பதிவுசெய்து தரச் சொன்னது. கம்பிக் கூண்டுக்குள் ஒரு நரி சுற்றிச் சுற்றி வரும். அவ்வளவுதான் படம். பார்க்கிறவர்கள் மனம் உருக வேண்டும் என்றார்கள். நான் நரியையே பேச வைத்தேன். "அம்மா, நான் என்ன தப்பு செய்தேன்?" என்று தொடங்கினேன். எழுதும்போதே கண் கலங்கியது. பிரமாதமாக வந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

பதிவு செய்வதற்காக, கூடத்தில் பட்டுப்புடவை நெய்துகொண்டிருந்த அண்ணியைப் பத்து நிமிடம் தறியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தார். நான் அழுகுரலில் படித்து முடித்தேன்.

"நரி எப்பம்மா இப்படியெல்லாம் பேசிச்சு?" என்றார். "அது பாட்டுக்கு சுத்திகினு இருக்குதே, அதைப் பாத்தாலே போதுமே. நடுவுல நீ வேற எதுக்கு அழுதுகினு இருக்க?"

எனக்குச் சுருக்கென்றது. "அழுதாத்தான் ஜனங்க கேப்பாங்க அண்ணி."

"நம்ம பட்டுப்பூச்சியும் கொதிக்கிற தண்ணியிலதான் சாவுது. அது அம்மான்னு கத்துற மாதிரி எவனாச்சும் படம் எடுத்தா எனக்குக் கோவந்தான் வரும். உள்ளதை உள்ளபடி சொன்னா உக்காந்து கேப்பேன்."

இந்த வேலையை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து இந்தப் பேச்சு வீட்டில் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவரோ துளியும் கோபமில்லாமல் சொல்லிவிட்டார்.

மதியமே எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கூண்டு எவ்வளவு சிறியது, கம்பித் தரையில் பாதம் என்ன ஆகிறது, கடைசியில் எப்படிக் கொல்கிறார்கள். அதைப் படிக்கும்போதும் என் குரல் தழுதழுத்தது. தாளை அண்ணியிடம் நீட்டினேன். ரேஷன் கடையில் எழுதி ஒட்டியதைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தார். கொல்லும் இடம் வந்ததும் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

அதைப் பதிவுசெய்து, குரல் கொடுத்தவர் பட்டு நெய்கிறவர் என்பதையும் மறைக்காமல் எழுதி அனுப்பினேன். மறுநாள் அந்த அமைப்பிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நாலு தடவை கேட்டேங்க. இதையே போட்டுடறோம். அவங்களுக்கு ரொம்ப தேங்க்ஸ் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். "பட்டைப் பத்திக் கேட்டாங்களா?" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி."

"கேட்டா எனக்கும் பதில் தெரியலன்னு சொல்லிடு."

இப்போதெல்லாம் எதை எழுதினாலும் அண்ணியிடம்தான் முதலில் படித்துக் காட்டுகிறேன். பொய்யாக உருகினால் முகத்துக்கு நேரே சொல்ல வீட்டிலேயே ஓர் ஆள் கிடைத்திருப்பது என் பாக்கியம். நேரில் நன்றி சொன்னால் சிரிப்பார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.