மீன் பெட்டியில் மிளகாய்

யுத்தம் முடிந்த மறுவருஷம், மீனுக்கு ஐஸ் போட்டு வைக்க என் கணவர் ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரையில் செய்த புதுப் பெட்டி ஒன்று வாங்கினார். அதை நான் மிளகாய் நாற்றுக்கு எடுத்துக்கொண்டேன். எங்கள் கடலோர ஊரான உடப்பில், முற்றத்தில் எதை முளைக்க வைத்தாலும் உப்புக்காற்று கருக்கிவிடும். மிச்சத்தை ஆடு தின்றுவிடும். அதனால் பெட்டியில் மண்ணை நிரப்பி, விதை போட்டு, அறைக்குள்ளேயே வைத்தேன்.

தவறும் நான் செய்ததுதான். மீன் பெட்டியைத் திறந்து வைத்தால் மீன் கெட்டுப்போகும் என்று பழகிய கை, தண்ணீர் தெளித்ததுமே மூடியை இறுக்கி மூடிவிடும். இரண்டு கிழமையில் மண்ணெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். முளைத்த நாற்றுகளில் பல அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தன. குட்டிக் கறுப்பு ஈக்கள் என் முகத்தில் வந்து மோதின.

கணவர் எட்டிப் பார்த்தார். "மீன் பெட்டியில செடி வளருமா? கொட்டிப்போட்டுக் கழுவித் தா."

நான் கொட்டவில்லை. அழுகியதைப் பிடுங்கி எறிந்தேன். மூடியையும் எறிந்தேன். கம்பியை அடுப்பில் காய்ச்சிப் பெட்டியின் அடியில் வரிசையாகத் துளை போட்டேன். யன்னலோரம் வைத்து, மேல்மண் காயும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ஈக்கள் போய்விட்டன. மிஞ்சிய ஏழு நாற்றுகள் நிமிர்ந்து நின்றன.

கடலுக்குப் போக ஆயத்தமான ஒரு நாள் அவர் பெட்டியைத் தூக்கினார். அடியில் அவர் விரல் துளைக்குள் போனது.

"இதுல இனி ஐஸ் நிக்குமா?"

"நிக்காது. செடியை மெதுவாக் கீழ வச்சிட்டு, மீனுக்கு வேற பெட்டி வாங்குங்க."