கயாவில் விட்டது

மெட்ராஸிலிருந்து யார் கல்கத்தாவுக்கு வந்தாலும் லேக் கார்டன்ஸ் தமிழர்கள் அவர்களை வாஞ்சிநாதனிடம் தள்ளிவிடுவார்கள். "எங்க சாப்பிடலாம்னு அவரைக் கேளுங்கோ, ஊரையே நாக்கால அளந்தவர்" என்பாள் மாடி வீட்டு சுந்தரவல்லி. அது பாராட்டா கிண்டலா என்று அவர் விசாரித்ததில்லை. அலிப்பூரில் ஒரு அரசாங்க ஆபீஸில் ஃபைல் தள்ளி ஓய்வு பெற்றவர். அந்த வேலையைப் பற்றிச் சொல்ல அவருக்கே ஒன்றும் கிடையாது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனுஷர் நிமிர்ந்து உட்காருவார்.

வந்தவர் நெற்றியைப் பார்த்துத்தான் பதில் வரும். விபூதிப் பட்டை பளிச்சென்றிருந்தால் லேக் மார்க்கெட் பக்கம் இட்லிக் கடை, போகிற வழியில் ஒரு சந்தேஷ் மிட்டாய்க் கடை, அவ்வளவுதான். "வேற ஏதாவது…" என்று அசட்டுச் சிரிப்போடு இழுப்பவர்களுக்குத்தான் ஊர் திறக்கும். ஜான்பஜார் சந்தில் வாழையிலை போட்டு மண்பானைத் தண்ணீர் வைக்கும் சோற்றுக்கடை. சௌரங்கிக்குப் பின்னால், பீர் கேட்டால் இஞ்சி நறுக்கிப் போட்ட ஊறின கொண்டைக்கடலை தானாக வந்து உட்காரும் பார். வெள்ளைக்காரன் காலத்துத் தங்கும் ஹோட்டல் ஒன்றின் தோட்டத்தில், மழை நாளில் மட்டும் குடிக்க வேண்டிய டீ. எந்த நாற்காலி ஆடும் என்பதுவரை சொல்லி அனுப்புவார்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. மல்லிக் கேபின்.

அது வடக்குக் கல்கத்தாவில், ஹாத்திபாகானில் டிராம் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. உள்ளே மரத்தட்டி வைத்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அழுக்குப் பச்சைத் திரை. குடும்பப் பெண்களும் காதலர்களும் ஊர்க்கண் படாமல் சாப்பிட என்று அந்தக் காலத்தில் கட்டியது. வாஞ்சிநாதன் அங்கே போனது சொந்த மனைவியோடு. லேக் மார்க்கெட் தமிழன் ஒருத்தன்கூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான் என்பதுதான் அதன் முதல் பெருமை.

பாகீரதியும் அவரைப் போலக் கல்கத்தாவில் பிறந்தவள்தான். பாலிகஞ்ச் பள்ளிக்கூடத்தில் பெங்காலிப் பெண்களின் டிபன் டப்பாவிலிருந்து மீனை ருசி பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமர்த்தாகத் தயிர்சாதம் சாப்பிட்டு வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர்தான் பயந்து பயந்து, வெளியே மீன் தின்கிற தன் பாவத்தைச் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே இருவரும் மல்லிக் கேபினில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் திரை போதுமானதாக இருந்தது.

வீட்டில் அமாவாசைக்கு வெங்காயம்கூடக் கிடையாது. அடுப்படி மடியில் ஒரு குறை சொல்ல முடியாது. பிள்ளை ஜெய்ராம் வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகும் அவனுக்கு இது தெரியாது. மாதம் ஒருமுறை "வடக்குப் பக்கம் காளி கோவில்" என்று பெயர் பண்ணிக்கொண்டு கிளம்புவார்கள். பரிமாறும் நிமாய் அவளை "பௌதி" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு, கேட்காமலே இரண்டு மீன் கபிராஜி கொண்டுவருவான். அடித்த முட்டை கொதிக்கிற எண்ணெயில் விரிந்து, மீன்துண்டின் மேல் பொன்னிறச் சல்லடையாக மூடியிருக்கும். பாகீரதி முதலில் அந்தச் சல்லடையை மட்டும் பிய்த்து, கடுகு அரைத்த கசுந்தியில் தொட்டு வாயில் போட்டுக்கொள்வாள். காரம் மூக்கில் ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். வாஞ்சிநாதன் தன் தட்டைத் தொடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஊரில் அவருக்குப் பிடித்த இடம் எது என்று உண்மையாகக் கேட்டால், அந்த மூடிய கண்ணுக்கு எதிர்ப்பக்கம் என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

போன ஆவணியில் அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. வாயு என்றார்கள். அப்புறம் கட்டி என்றார்கள். கடைசியில் டாக்டர், சொல்லத் தயங்கிய அந்தப் பெயரைச் சொன்னார்.

வாஞ்சிநாதனுக்கு அன்றிரவே காரணம் புரிந்துவிட்டது. மல்லிக் கேபின். இத்தனை வருஷமாகக் கோவில் பெயரைச் சொல்லிவிட்டு மீன் தின்றதற்குத் தண்டனை. கோடிக்கணக்கான பேர் மீன் தின்றுவிட்டுத் திடகாத்திரமாக டிராமைத் துரத்திப் பிடிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷருக்கு இப்படித் தோன்றியது. படித்த மனுஷர்தான். பயம் வந்துவிட்டால் படிப்பு எந்த மூலைக்கு?

மஹாளய பட்சத்தில் இருவரும் கயாவுக்குப் போனார்கள். அங்கே பித்ருக்களுக்குப் பிண்டம் போட்டு முடித்ததும் ஆலமரத்தடியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை என்று பிடித்தமானவற்றைச் சொல்லி விட்டுவிட வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் தொடக்கூடாது. பிடித்ததை விடு என்பது சாஸ்திரம். பிடிக்காததைப் பார்த்து விடுவது நம் ஜனங்களின் சாமர்த்தியம். பாகீரதியும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "பாகற்காயை விட்டேன்" என்று சொல்லிவிட்டு அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. புரோகிதருக்காக வாய் ஏதோ ஒரு காயின் பெயரை முணுமுணுத்தது. மனசு வேறு ஒன்றை விட்டது.

'மல்லிக் கேபினை விட்டேன். அவளுக்கும் சேர்த்து நானே விட்டேன். இனி ரெண்டு பேரும் அந்தப் படி மிதிக்க மாட்டோம். இவளை மட்டும் விட்டுடு.'

அவளிடம் இதைச் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று எப்போதோ கேட்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பினால் துர்கா பூஜா வந்துவிட்டது. தெருவெல்லாம் பந்தலும் விளக்கும் தாக் மேளச் சத்தமும். பூஜா முடிந்ததும் மருந்து ஏற்றுவதாக ஏற்பாடு. சஷ்டி அன்று காலை பாகீரதி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன்னா, அந்த மருந்து ஏத்த ஆரம்பிச்சா வாய் ருசியே போயிடுமாம். டாக்டர் சொன்னா. அதுக்கு முன்னாடி நிமாய் கடைக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா?"

"பூஜா கூட்டத்துலயா? நசுங்கிடுவோம்."

"டாக்ஸில போலாம்."

"டாக்ஸிய அங்க விடமாட்டான். தசமி ஆகட்டும், பார்த்துக்கலாம்."

தசமி ஆனது. மழை என்றார். மழை விட்டது. கடையை ரிப்பேருக்காக மூடியிருக்கிறான் என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார்.

"பார்சலாவது யாரையாவது வாங்கிண்டு வரச் சொல்லலாமே?"

"மூடின கடைல என்னத்தைப் பார்சல் வாங்கறது?"

அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. அவள் ஆயுசிலேயே எதையும் மூன்றாம் முறை கேட்கிற வழக்கமில்லாதவள். அவர் பூஜை அறையில் போய் நின்று, 'பார்த்தியா, நான் வாக்கு மாறலை' என்று சாமியிடம் கணக்குக் காட்டினார்.

மருந்து ஏறியது. முடி போனது, சதை போனது. டாக்டர் சொன்னபடியே நாக்கும் செத்துப்போனது. ரசத்தைக் கொடுத்தால் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். தயிர்சாதம் வாயில் சுண்ணாம்பாகிறது என்றாள். ஜெய்ராம் லீவு போட்டு வந்து போனான். சுந்தரவல்லி மாடியிலிருந்து தினுசு தினுசாகத் துவையல் அரைத்து அனுப்பினாள். எல்லாம் அப்படியே திரும்பிப் போயிற்று.

மாசியில் மறுபடி படம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் ஈரலுக்கு ஏறியிருந்தது. இனி மருந்து வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். காசிக்குப் போயும் கருமம் தொலையவில்லை என்பார்கள். வாஞ்சிநாதன் கயாவுக்குப் போய்க் கையில் இருந்ததையும் தொலைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது அவருக்கு அழுகை வரவில்லை. சாமி மேல் ஆத்திரம்தான் வந்தது. வாக்கை நான் காப்பாத்தினேன், நீ காப்பாத்தலையே!

டாக்ஸி வந்தது. "ஹாத்திபாகான்" என்றார் டிரைவரிடம். பாகீரதி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரிப்பேர் முடிஞ்சுடுத்தா?"

"முடிஞ்சுடுத்து."

மல்லிக் கேபின் வருஷக்கணக்கான கரியோடு அப்படியேதான் இருந்தது. எந்தச் சுவரிலும் புதுச் சுண்ணாம்புக்கு அடையாளமே இல்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். நிமாய் அவளைக் கண்டு ஒரு கணம் அடையாளம் தெரியாமல் நின்றான். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "பௌதி! இத்தனை நாளா எங்களை மறந்துட்டீங்களா?" என்று பெங்காலியில் கேட்டபடி நாற்காலியைத் துடைத்தான். திரையை இழுத்துவிட்டுப் போனான்.

இரண்டு தட்டுகள் வந்தன. பாகீரதி வழக்கம்போல முதலில் சல்லடையைப் பிய்த்தாள். கசுந்தியில் தொட்டு வாயில் வைத்தாள். வாஞ்சிநாதன் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் மூடவில்லை.

அவள் மென்றாள். இன்னும் கொஞ்சம் மென்றாள். தண்ணீரைக் குடித்து அதை விழுங்கிவிட்டுத் தட்டை அவர் பக்கம் மெதுவாக நகர்த்தினாள்.

"ஏன்னா, ஒண்ணும் தெரியலை. கசுந்தி காரம்கூடத் தெரியலை." கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சாப்பிடுங்கோ. எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லுங்கோ."

அவர் ஒரு வாய் எடுத்தார். சல்லடை நாக்கில் பட்டதும் நொறுங்கிக் கரைந்தது. உள்ளே மீன் வெண்ணெயாக வழுக்கியது. கசுந்தி நேராக மூக்கில் ஏறியது. ஒரு குறை இல்லை. இந்தக் கடையில் இவ்வளவு நன்றாக அவர் என்றைக்குமே சாப்பிட்டதில்லை என்று தோன்றியது.

"சமையல்காரன் மாறிட்டான் போலருக்கு" என்றார். "ஒரே எண்ணெய் வாசனை. மீனும் பழசு. முன்ன மாதிரி இல்ல, பாகீ."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்படியா? நல்லவேளை. இதுகூடத் தெரியாத அளவுக்கு என் நாக்கு போயிடுத்தோன்னு பயந்தே போயிட்டேன்."

"உன் நாக்குக்கு ஒண்ணும் இல்ல. கடைதான் கெட்டுப் போச்சு."

வெகுநாளைக்குப் பிறகு அவள் சாய்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். முதல் தடவை வந்தபோது சுந்தரவல்லியின் மாமனார் ஜாடையில் ஒருவர் உள்ளே நுழைய, இருவரும் மேஜைக்கடியில் குனிந்ததைச் சொன்னாள். காளி கோவில் பிரசாதம் எங்கே என்று மாமியார் கேட்க, டிராம் ஸ்டாப்பில் வாங்கிய பேடாவை எடுத்து நீட்டியதைச் சொன்னாள். சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் வலித்தது, ஆனாலும் சிரித்தாள். வாஞ்சிநாதனும் சிரித்தார். பொய்யே ஆனாலும் ஒரு நல்ல காரியம் பண்ணிவிட்டோம் என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது.

நிமாய் திரையை விலக்கினான். "எப்படி இருந்தது, பௌதி?"

பாகீரதி மேஜையைப் பார்த்தாள். அவருடைய தட்டு காலி. அவள் நகர்த்திய தட்டும் காலி. கசுந்திக் கிண்ணம்கூட விரலால் வழித்துத் துடைத்திருந்தது. எப்போது தின்றோம் என்று வாஞ்சிநாதனுக்கே தெரியவில்லை. மஞ்சள் படிந்த விரலைச் சட்டென்று மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"எப்பவும் போலத்தான், நிமாய்" என்று அவள் பெங்காலியில் சொன்னாள். அவன் சந்தோஷமாகத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனான்.

திரை விழுந்தது. பாகீரதி அவரைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை.

"அவ்வளவு நன்னா இருந்துதா?" என்று கேட்டாள்.