பொங்கலுக்கு முன்னால் நாடகம்

அபிதகுஜாம்பாள் என்று முழுப் பெயரைச் சொன்னால் தாம்பரத்தில் யாருக்கும் தெரியாது. நாடகக்கார அபிதா என்றால், ஆட்டோக்காரர் நேரே அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவார். ரயில்வே ஊழியர்கள் சிலர் தகரக் கொட்டகையில் ஆரம்பித்த மேடைமணி நாடக மன்றம், சொந்த அரங்கு கட்டி, மாதச் சம்பளத்துக்கு நடிகர்களை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்ததில் பாதிப் புண்ணியம் அவளுடையது. நடிப்பதும் அவள்தான், எந்த நாடகத்தை எப்போது போடுவது என்று முடிவெடுப்பதும் அவள்தான்.

ஆனால் மாலைக் காட்சிக்கு ஆளே வருவதில்லை. ஜிஎஸ்டி ரோடு டிராபிக்கில் வெந்து வீடு சேர்கிறவன் நாடகத்துக்கா கிளம்புவான்? பழைய ரசிகர்களுக்கோ முட்டிவலி.

"பேசாம கல்யாண மண்டபமா மாத்திடலாம் அபிதா" என்றார் செயலாளர் கஸ்தூரிரங்கன்.

மாற்றினால் நடிகர்கள் நடுத்தெருவில். அபிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலைல போடலாம் சார். மறைமலை நகர் பாக்டரில நைட் ஷிப்ட் முடிஞ்சா, கம்பெனி பஸ் நம்ம வாசல்லதானே ஆள இறக்குது? டிபன் குடுத்து உள்ள உட்கார வைப்போம்."

"காலங்கார்த்தால டிராமாவா! சரி, அதையும் பார்த்துடலாம். எடுபடலன்னா மண்டபம்தான்."

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறைந்தது. நெய் மிதக்க வெண்பொங்கல், கூடவே வடை. சாப்பிட்டு முடித்ததும் 'ஓவர்டைம் மாப்பிள்ளை' என்ற புது நகைச்சுவை நாடகம். திரை விலகியது. பெண்ணின் அம்மாவாக வந்த அபிதா முதல் வசனத்தைச் சொன்னாள். சிரிப்புச் சத்தம் வரவில்லை, குறட்டைச் சத்தம் வந்தது! வரிசை வரிசையாகத் தலைகள் சாய்ந்து கிடந்தன.

போச்சு, எல்லாம் போச்சு. அவளுக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தாள். கஸ்தூரிரங்கன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க ஏசியில் படுத்து எழுந்து வந்த மனுஷன்! அபிதாவுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. குற்றம் நாடகத்திலும் இல்லை, ஷிப்டிலும் இல்லை. எல்லாம் சமையல்கார ரத்தினபாயின் பொங்கல் செய்த வேலை!

நாடகம் முடிந்ததும் செயலாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தார்.

"பார்த்தியா? எல்லாரும் தூங்கிட்டாங்க."

"உங்களுக்கும் நைட் ஷிப்டா சார்?"

மனுஷர் அவசரமாக வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் அவளுக்கே கிடைத்தது.

இந்த முறை முதலில் காபி மட்டும், அப்புறம் நாடகம், கடைசியில்தான் பொங்கல். அடேயப்பா, என்ன சிரிப்பு! பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு சூப்பர்வைசரிடமிருந்து போன் வரும் காட்சியில், கார் கம்பெனி மோகன்ராஜ் சீருடையோடு எழுந்து நின்றே விட்டான்.

"டேய், எடுக்காதடா! எடுத்தேன்னா வூடு போய்ச் சேர மாட்ட!"

அரங்கு இடிந்து விழாத குறைதான்.

திரை விழுந்தது. "பொங்கல் ஆறிக்கினு கீது, எந்திரிச்சு வாங்கப்பா!" என்று ரத்தினபாய் கரண்டியால் அண்டாவைத் தட்டினாள். ஒருவரும் அசையவில்லை.

"ஒன்ஸ் மோர்! அந்த போன் சீன இன்னொரு வாட்டி போடுங்க மேடம்!"

அபிதா அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நேரம் பார்த்து கஸ்தூரிரங்கனின் செல்போன் அலறியது. ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைக்குமா என்று, அவரே முன்பு சொல்லி வைத்திருந்த யாரோ கேட்டார்கள்.

"மண்டபமா? இது டிராமா தியேட்டர் சார், ராங் நம்பர்!" என்று வைத்தவர், இரண்டு கையையும் தூக்கி எல்லாரையும் விடப் பெரிதாகக் கத்தினார்:

"ஒன்ஸ் மோர்!"