புரட்டாசியில் பட்டினி கிடந்த பூனை

புரட்டாசி மாதத்தில் எங்கள் வீட்டில் முட்டைகூட உடைபடாது. இதில் என்னைவிடக் கறார் என் வீட்டுக்காரர்தான். நெற்றியில் நாமத்தைப் போட்டுக்கொண்டு, கருவாட்டு டப்பாவைப் பரணில் ஏற்றிவிடுவார். அதனால் எங்கள் பூனைக்கும் அந்த மாதம் முழுக்கத் தயிர்சாதம்தான். முதலில் முறைத்தது. அப்புறம் பழகிக்கொண்டது.

மாதக் கடைசியில் அது ஒரு மாதிரி ஆனது. தட்டைக் கண்டதும் ஓடி வரும். தயிரை மட்டும் நக்கிவிட்டுச் சோற்றை அப்படியே விட்டுப் போய்விடும்.

"கவுச்சி கேக்குதுங்க்கா" என்றாள் பால் ஊற்றுகிறவள்.

"ஒரு மாசம் நாக்கை அடக்க முடியல பாரு இதுக்கு" என்று இவர் பூனைக்கு உபதேசம் செய்தார். அந்த வாரம் இவரும் ராத்திரியில் "பசியில்ல, களி அர உருண்ட போதும்" என்று எழுந்துவிடுவார். விரதம் இருக்கிற உடம்பு, பாவம் என்று நான் உருகிப்போனேன்.

ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு கோழிக் குழம்பு வைத்தேன். பூனை வாலைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு துண்டைக் கவ்வியது. உடனே கத்திக்கொண்டு கீழே போட்டது. முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. மறுபடி கவ்வியது, மறுபடி போட்டது. அது வேண்டாம் என்று விடவில்லை, முடியாமல் விட்டிருக்கிறது. பசியோடு வந்து நின்ற ஜீவனைப் பார்த்து இத்தனை நாள் சிரித்திருக்கிறோம். தூக்கினேன், கையில் கனமே இல்லை. செத்துக்கித்துப் போய்விடுமோ என்று அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் கட்டைப்பையில் போட்டு, இவர் ஸ்கூட்டரில் இண்டூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் துண்டால் சுற்றி வாயைத் திறந்து பார்த்தார்.

"மேலண்ணத்துல குறுக்க ஒரு எலும்பு மாட்டியிருக்கும்மா. கோழி எலும்பு."

"நேத்துத்தாங்க சார் கோழி எடுத்தோம். அதையும் இது ஒரு வாய் திங்கலீங்க."

"இது நேத்து மாட்டினது இல்ல. சுத்திச் சதை வீங்கியிருக்கு பாருங்க, ஒரு வாரத்துக்கு மேல ஆயிருக்கும்."

"சான்சே இல்லீங்க சார். புரட்டாசி பூரா எங்க வூட்ல முட்ட கூட ஒடைக்கல. வேணும்னா இவரக் கேளுங்க."

இவரைக் கேட்க வழியில்லை. மாடே வளர்க்காத மனுஷன், சுவரில் இருந்த கோமாரி நோய் விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

எலும்பை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தயிர்சாதத்தைக் குழைத்து வைத்தேன். பூனை தலையைத் தூக்காமல் தட்டைக் காலி செய்தது.

"ஸ்கூட்டர் டிக்கியில ஒளிச்சுக் கொண்டாந்து, மாடியில உக்காந்து ஒரே ஒரு லெக் பீஸ்தான்" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல். "இது வந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நாம மட்டும் எப்புடித் திங்கறதுன்னு..."

அந்தக் கடைசி வார்த்தைக்காக மன்னித்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் பூனை சாப்பிடாவிட்டால் அதன் வாயைத் திறந்து பார்க்கிறேன். இவர் அரை உருண்டை போதும் என்றால் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து பார்க்கிறேன்.