‘பை அண்ட் லார்ஜ்’ என்று நான் எழுதிய வரி

1. சேர்ந்த அன்று

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் இந்த வேலைக்கு வந்தேன். லோதி ரோடில் ஒரு தொழில்நுட்ப அலுவலகம். தண்ணீரையும் பாலையும் மண்ணையும் சோதிக்கப் புதிது புதிதாக முறைகள் வரும். அவை சரிப்படுமா என்று எங்கள் லேப் பரீட்சித்துப் பார்க்கும். கெமிஸ்டுகள் எழுதித் தருவதைத் திருத்தி, கமிட்டிக்குப் போகும் அறிக்கையாக ஆக்குவது என் பொறுப்பு.

சேர்ந்த அன்றே செக்‌ஷன் தலைவர் சக்சேனா சார் என்னை எதிரே உட்காரவைத்தார். பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷில் பேசுவார்.

“ஸ்டெல்லா மேடம், எந்த முறையையும் மோசம் என்று நேராக எழுதிவிடாதீர்கள். அதைக் கண்டுபிடித்தவர் மறுநாள் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ‘ப்ராமிசிங்’ என்றால் இன்னும் யாரும் சரியாகச் சோதிக்கவில்லை. ‘லீவ்ஸ் மச் டு பி டிசயர்ட்’ என்றால் தேறாது. ‘நாட் வித்தவுட் மெரிட்’ என்றால் கண்டுபிடித்தவர் பெரிய இடம். ‘ஃபிட் ஃபார் பர்பஸ்’ என்பதை மட்டும் யோசித்துப் போட வேண்டும். நாளை ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் பத்திரமானது ‘பை அண்ட் லார்ஜ்’. மொத்தத்தில் பரவாயில்லை என்று பொருள். யாருக்கும் கோபம் வராது.

இங்கிலீஷ் டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே வருடத்தில் சாரையே மிஞ்சிவிட்டேன். ஸ்டெல்லா மேடம் கை வைத்த ரிப்போர்ட் கமிட்டியில் திரும்பி வராது என்று பேராகிவிட்டது.

2. நான்கு வரிச் சுருக்கம்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு குடிதண்ணீரைச் சோதிக்க ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி வந்தது. உள்ளே மருந்து இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி ஒரு நாள் வைக்க வேண்டும். கறுத்தால் தண்ணீரில் கழிவு கலந்திருக்கிறது, கறுக்காவிட்டால் குடிக்கலாம். லேப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பள்ளி விடுதிகளுக்கெல்லாம் கொடுக்கலாம் என்று யோசனை.

பரீட்சித்தவர் வெங்கடேசன். டெல்லியிலேயே பிறந்து, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். பக்கம் பக்கமாக எழுதும் பழக்கம் அவருக்கு. அதில் ஒரு பத்தியில், அறை இருபது டிகிரிக்குக் கீழே இருந்தபோது, கெட்ட தண்ணீர் ஊற்றிய பன்னிரண்டு குப்பிகளில் ஏழு ஒரு நாளில் கறுக்கவில்லை, மூன்றாம் நாள்தான் கறுத்தன என்று இருந்தது.

முதல் பக்கச் சுருக்கம் நான்கு வரியைத் தாண்டக் கூடாது என்பது ஆபீஸ் விதி. நான் அந்தப் பத்தியைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டு இப்படி எழுதினேன்: இந்த முறை பை அண்ட் லார்ஜ் ரிலயபிள், குளிர்காலத்தில் சற்று முன்னேற்றத்துக்கு இடமுண்டு.

படிக்க அழகாகத்தான் இருந்தது. கருத்துக் கேட்டு நாலைந்து விடுதிகளுக்கு, பரீட்சைக் குப்பிகளோடு அந்த முதல் பக்கத்தையும் அனுப்பினோம். பின்னிணைப்பு போகவில்லை.

3. வெள்ளிக்கிழமை வந்த போன்

ஜனவரி மாதம். திங்கட்கிழமை கமிட்டி. அன்று ஒப்புதல் கிடைத்தால் வட மாநில விடுதிகள் எல்லாவற்றுக்கும் குப்பி போய்விடும். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. துவாரகாவைத் தாண்டி உள்ள ஒரு பெண்கள் விடுதியின் நர்ஸ், ஜெஸ்ஸி. நாகர்கோவில் பக்கம். பயிற்சிக்கு வந்தபோது பழக்கம்.

“அக்கா, அந்தக் குப்பி கறுத்துப்போச்சு கேட்டியளா?”

“எப்ப வச்சது?”

“செவ்வாக்கிழமை வச்சேன். புதன்கிழமை பாத்தப்ப ஒண்ணும் ஆகல்ல. தண்ணி நல்லதுன்னு ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன். இன்னைக்குக் கழுவலாம்னு எடுத்தா மை மாதிரி கெடக்கு.”

வெங்கடேசனின் ஏழு குப்பியும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

“பிள்ளைங்க அந்தத் தண்ணியைக் குடிச்சாங்களா ஜெஸ்ஸி?”

“குடிச்சாவ.”

அவளே தொடர்ந்தாள்.

“காய்ச்சித்தான் குடுத்தேன். பயப்படாதீங்க. யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

“நல்லதுன்னு எழுதிட்டு எதுக்கும்மா காய்ச்சினே?”

“உங்க பேப்பர்ல பை அண்ட் லார்ஜ்னு போட்டிருந்துல்லா? வார்டுல ஒரு மருந்தப் பத்தி அப்படிச் சொன்னா, எத்தன பேருக்குக் கேக்கும், எத்தன பேருக்குக் கேக்காதுன்னு டாக்டர்ட்ட திருப்பிக் கேப்போம். இதுல அது இல்ல. எனக்கு மனசிலாகல்ல. மனசிலாகாதத நம்பிப் பிள்ளையளுக்கு எப்படிக் குடுக்க? கேஸ் தீருதுன்னு மேனேஜர் சத்தம் போட்டாரு. போடட்டும்னு காய்ச்சினேன்.”

போனை வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அழுதேன் என்றும் சொல்லலாம். பயம் விட்டுப்போன அழுகை அது.

4. யாருடைய தவறு

சக்சேனா சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“குளிரில் பரீட்சிக்காமலே விட்டாரா? வெங்கடேசனைக் கூப்பிடுங்கள்.”

வெங்கடேசன் வந்து நின்றார். சார் கேட்டதும் என்னைத்தான் பார்த்தார். “மேடம், மைனே தோ லிக்கா தா… நான் எழுதிருந்தேனே?” என்று ஹிந்தியில் தொடங்கித் தமிழில் மெல்லக் கேட்டார். பின்னிணைப்பில் இருக்கிறதே என்று நான் சமாளித்திருக்கலாம். அந்த நினைப்பும் ஒரு கணம் வந்தது.

“சார், அவர் தெளிவாக எழுதியிருந்தார். நான்தான் எடுத்துவிட்டேன். அந்த வரி என்னுடையது” என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அச்சா. அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தது நான். ஜல்தி உட்காருங்கள், மாற்றி எழுதுவோம்.”

அவர் கத்துவார் என்றுதான் எதிர்பார்த்திருந்தேன்.

மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். முதலில் ஜெஸ்ஸியின் விடுதிக்கும் மற்ற விடுதிகளுக்கும் போன் செய்து, குப்பியை நம்ப வேண்டாம், காய்ச்சிக் கொடுங்கள் என்று சொன்னோம். எங்கும் யாரும் நோயில் படுக்கவில்லை. பிறகு சுருக்கம். வெங்கடேசனின் எண்களையே முதல் வரியில் போட்டோம். அறை குளிர்ந்திருந்தால் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை தண்ணீரைக் காய்ச்ச வேண்டும். நான்கு வரி ஏழானது. சார் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை கமிட்டித் தலைவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “எல்லாம் சரி, இதில் உங்கள் மதிப்பீடு எங்கே? நல்லதா, கெட்டதா?” என்றார்.

“வெயில் காலத்துக்கு நல்லது சார். குளிர்காலத்துக்கு இப்படியே கொடுத்தால் ஆபத்து” என்றார் வெங்கடேசன்.

ஆபத்து என்ற சொல்லை அந்த அறையில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். தலைவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். குளிர்கால விதியைச் சேர்க்காமல் ஒரு குப்பிகூடப் போகக் கூடாது என்று முடிவாயிற்று. வெளியே வந்து மூவரும் டீ குடித்தோம். அவ்வளவு நிம்மதியாக அந்த ஆபீசில் நான் டீ குடித்ததில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு முறையைப் பற்றி எழுதும்போது அது எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது, செய்யாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். நான் அந்த வரியைக் கமிட்டி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதினேன். கையில் குப்பியோடு குழாயடியில் நின்றவள் அதைப் படித்தாள். அவள் சந்தேகப்பட்டதால்தான் அந்தப் பிள்ளைகள் தப்பித்தார்கள். அடுத்த தடவை படிக்கிறவர் நம்பிவிடவும் கூடும்.