வாழைப்பட்டையில் வந்த காசித்தும்பை

இந்த ஊரில் என் காலைகள் இலைகளைக் காயவைப்பதில்தான் தொடங்குகின்றன. புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்குமே, அந்தச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இலையை உறையில் போட்டு ஒட்டிவிடுவேன். ஈரம் போனால்தான் மரபணு கெடாமல் இருக்கும். நெதர்லாந்துக்கு வந்து நான்கு வருடமாகியும் கை கூசத்தான் செய்கிறது. சின்னமனூரில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். இலை வாடினால் அப்பா முகமும் வாடிப்போகும் வீட்டில் வளர்ந்தவள் நான்.

என் ஆராய்ச்சியும் எங்கள் பக்கத்து மலையைப் பற்றியதுதான். சுருளிப்பட்டிக்கு மேலே ஓடையோரம் ஒரு காட்டுக் காசித்தும்பை இளஞ்சிவப்பாகப் பூக்கும். உச்சிப் பாறைகளில் அதன் உறவுச் செடி வெள்ளையாகப் பூக்கும். நடுச்சரிவில், இரண்டும் கலந்து பிறந்தவைபோல, இரண்டிலும் சேராத நிறத்தில் சில செடிகள் நிற்கின்றன. அவற்றின் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்தால், எந்தத் துண்டு கீழிருந்து வந்தது, எது மேலிருந்து வந்தது, கலப்பு எவ்வளவு பழையது என்று சொல்லிவிடலாம். முதலில் சில இலைகளில் கலப்பு உறுதியானால், மிச்சத்தைச் சேகரிக்க மழைக்காலம் முழுக்க என்னை ஊருக்கே அனுப்புவதாகப் பேச்சு. அதைக் கேட்டதுமே அந்தச் சில இலைகளைத் தானே பறித்து அனுப்புவதாக அப்பா கிளம்பிவிட்டார். வனத்துறை அனுமதி வாங்கி, உறைகளையும் பொட்டலங்களையும் அனுப்பிவைத்தேன்.

பார்சலைப் பிரித்தால் வாழைப்பட்டை. அதற்குள் ஈரச் சாக்கு. சாக்குக்குள் கறுத்துக் குழைந்துபோன இலைகள்.

"தண்ணீர் கொட்டிவிட்டதா?" என்று கேட்டார் என் பேராசிரியை.

"இல்லை, அப்பா பார்த்துப் பார்த்துத் தெளித்தது" என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று எண்ணிச் சிரித்தார்.

மனம் கேட்காமல் காம்புகளைச் சுரண்டி மரபணு படிக்கும் இயந்திரத்தில் ஏற்றினேன். பெரும்பாலும் பூஞ்சை. காசித்தும்பை சொற்பம், எதையும் நிரூபிக்கப் போதாது. நடுநடுவே வெற்றிலையின் மரபணு, அப்பாவின் சாக்கிலிருந்து ஒட்டிக்கொண்டது. கலப்படம், நீக்கிவிடு என்றார் பேராசிரியை. நீக்கினேன். இந்த வருடம் ஊர்ப் பயணம் இல்லை என்று அத்தோடு முடிவாயிற்று. கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

மாலையில் அப்பா அழைத்தார்.

"எலை பச்சையா வந்து சேந்துச்சா ஆத்தா?"

"அழுகிப்போச்சுப்பா. பொட்டலத்தப் போட்டுக் காயவைக்கச் சொன்னேன்ல?"

"அதத் திங்கக் கூடாதுன்னு எழுதியிருக்குன்னு பக்கத்து வீட்டுல படிச்சுச் சொன்னாக. வெசத்தப் போயி எலையோட வைக்கிறதா? நெனச்ச நேரமெல்லாம் தண்ணி தெளிச்சுத்தான் கட்டிக் குடுத்தேன்."

அது விஷமில்லை, இத்தனை நாள் வழியில் ஈரத்தோடு கிடந்தால்தான் இலை அழுகிவிடும் என்றேன்.

"நம்ம வெத்தல ரயிலேறி எங்கெங்கயோ போகுது. அங்கன போயும் வாடாமத்தான நிக்கிது" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அம்புட்டுத் தொலவுலயா ஆத்தா இருக்க?"

ஆமாம் என்றேன். ஒரு நாள் பயணம்தான் என்று வெளிநாடு வந்த நாமெல்லாம் வீட்டில் சொல்லிவைத்திருப்போமே, அதையேதான் நானும் அவரிடம் சொல்லிவந்தேன். ஓர் இலை தாங்காத தூரம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. எனக்கும்தான்.